மறுபடியும் வெட்டிய ஒழுங்கை

கல்லடியில் எங்கள் ஒழுங்கையை இன்றைக்கு மறுபடியும் வெட்டினார்கள். தண்ணீர்க் குழாயாம். போட்ட தார் இன்னும் கறுப்பு மாறவில்லை.

கிடங்குக்குள் எட்டிப் பார்த்தேன். மணலுக்குள் ஒரு பழைய குழாய். அதன்மேல் குறுக்காகத் தொலைபேசி வயர், யாரோ சொப்பிங் பையால் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

குஜராத்தில், சபர்மதிக் கரையில் எழும் கிஃப்ட் சிட்டியில் வீதியோடு நிலத்தடிச் சுரங்கமும் கட்டினார்கள். மின்சாரம், தண்ணீர், தொலைத்தொடர்பு, கட்டடங்களைக் குளிராக்கும் குளிர்நீர்க் குழாய் எல்லாம் அதற்குள்தான். பழுதென்றால் உள்ளே இறங்கித் திருத்தலாம், தாரில் கை வைக்கத் தேவையில்லை. குப்பையைக்கூடக் குழாய் வழியே காற்றால் உறிஞ்சி எடுக்கிறார்கள்!

அது வெறும் நிலத்தில் புதிதாகக் கட்டும் நகரம், சரி. இங்கே வீடும் கிணறும் முந்திவிட்டன.

நாங்கள் சுரங்கம் கேட்கவில்லை. தார் போடுகிறவர்களும் வெட்டுகிறவர்களும் முன்கூட்டியே ஒருக்கால் கதைத்தால் போதும்.