ஒரு பாட்டில் தண்ணீரை மலையில் ஊற்றிப் பார்த்தேன்

மழை நின்று பத்து நாள் ஆகிவிட்டது. மலைக்காட்டுக்குள் ஏறும் வழியில் ஒரு சின்ன ஓடை மட்டும் தெளிவாக ஓடிக்கொண்டே இருந்தது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பாதையை விட்டு இரண்டடி தள்ளி உட்கார்ந்து சருகை விலக்கினேன். மேலே காய்ந்த இலை, கீழே பாதி மக்கிய இலை, அதற்கும் கீழே பொலபொலவென்று கறுப்பு மண். விரல் தானாக உள்ளே போனது. வெள்ளை நூல் மாதிரி பூஞ்சை இழைகள், மண்புழு போன துளைகள். பாட்டில் தண்ணீரில் பாதியை அங்கே ஊற்றினேன், சத்தமில்லாமல் இறங்கிவிட்டது. மீதியை, மிதிபட்டு இறுகிப்போன பாதையில் ஊற்றினேன். மண்ணைக் கரைத்துக்கொண்டு கலங்கலாகச் சரிவில் ஓடியது.

காட்டு மண் குடித்த மழைதான் பாறை இடுக்குகளில் மெல்லக் கசிந்து கோடையில் ஊற்றாக வருகிறது. காட்டை அழித்துச் சரிவைக் கொத்திப்போட்டால் அதே மழை வண்டலோடு ஒரேயடியாக இறங்கிவிடும். அன்றைக்கு வெள்ளம், அப்புறம் வெறும் மணல். கீழே அணையும் தூர்ந்துபோகும்.

சரி, மொட்டையாகத் தெரியும் மலையெல்லாம் மரம் நட்டால் போதுமா? நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். ஆனால் மரமும் தண்ணீர் குடிக்கும். நீலகிரியில் கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்துப் புல்வெளி நீர்ப்பிடிப்புகள் இரண்டை எடுத்து, ஒன்றை இருந்தபடியே விட்டுவிட்டு, மற்றதில் 59 விழுக்காடு பரப்பில் 1972-ல் தைலமரம் நட்டார்கள். முதல் பத்து ஆண்டுகளில் ஓடைநீர் சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. மலைப் புல்வெளியைத் தரிசு என்று சொல்வதைக் கேட்டால் இப்போது எனக்கு வலிக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 1995 முதல் கூலி கொடுத்து அந்நிய மரங்களை வெட்டி அகற்றுகிறார்கள், ஆற்றில் தண்ணீர் மிஞ்சுவதற்காக.

நியூயார்க் நகரம் இன்னொரு வழியில் போனது. கேட்ஸ்கில் மலைத் தண்ணீருக்குப் பெரிய வடிகட்டும் ஆலை கட்டுவதைத் தவிர்க்க, 1997-ல் ஒப்பந்தம் போட்டு, மேலே நிலம் வாங்கவும் அங்குள்ள விவசாயிகளுக்கு உதவவும் பணத்தைச் செலவிட்டது. குழாயைத் திறப்பவர்கள் ஓடை பிறக்கும் இடத்தில் இருப்பவர்களுக்குக் கொடுப்பது எவ்வளவு நியாயம்!

இறங்கும்போது அந்த ஓடையில் கையை நனைத்தேன். சில்லென்றிருந்தது. பத்து நாளுக்கு முன் பெய்த மழை என்றுதான் முதலில் நினைத்தேன். போன வருடத்து மழையாகக்கூட இருக்கலாம்.