ஏரிக்கரையில் இரண்டு கல்: பிராடரிக் – டெர்ரி சண்டை நடந்த இடத்துக்குப் போன அனுபவம்

சான் பிரான்சிஸ்கோவின் தென்மேற்கு மூலையில் லேக் மெர்செட் ஏரி இருக்கிறது. அதை ஒட்டிய சாலையில் தெற்கே வந்து டேலி சிட்டிக்குள் நுழைந்ததும், ஓரமாக ஒரு நினைவுப் பலகை. கலிபோர்னியாவின் 19ஆம் எண் வரலாற்றுச் சின்னம். பெயர்தான் பெரிது. வண்டிகள் பறக்கிற சாலை என்பதால், தெரிந்து தேடினால் ஒழிய கண்ணில் படாது. வரைபடத்தில் 1100 லேக் மெர்செட் பொலிவார்டு என்று போட்டுக்கொள்ளுங்கள். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருவதுதான் நிம்மதி.

1859 செப்டம்பர் 13 அதிகாலையில் செனட்டர் டேவிட் பிராடரிக்கும் கலிபோர்னியா உச்ச நீதிமன்ற நீதிபதி டேவிட் டெர்ரியும் மோதினார்கள், இருவர் நேருக்கு நேர் நின்று துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு தகராறைத் தீர்க்கும் வழக்கத்துக்குக் கலிபோர்னியாவில் முடிவு கட்டிய சண்டை அது என்கிறது பலகை. படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். சண்டை நடந்தது இங்கே இல்லை, கிழக்கே உள்ள பள்ளத்தில் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. குடியிருப்புகளை ஒட்டி உள்ளே நடந்தால் மரங்களுக்கு நடுவே ஒரு புல்வெளி வரும். இருவரும் நின்ற இடங்களில் ஆளுக்கு ஒரு கருங்கல் தூண். ஒன்றில் பிராடரிக் பெயர், மற்றதில் டெர்ரி பெயர்.

நான் ஒரு கல்லில் முதுகைச் சாய்த்து எதிர்க் கல்லைப் பார்த்தேன். அன்று பேசிக்கொண்ட தூரம் பத்து தப்படி, சுமார் 30 அடி. எதிரில் நிற்பவர் கண் சிமிட்டினால்கூடத் தெரியும். இவ்வளவு கிட்டத்தில் நின்றுகொண்டு குறி என்ன வேண்டிக் கிடக்கிறது என்றுதான் தோன்றியது. ஆனால் பிராடரிக்கின் குண்டு டெர்ரியை எட்டாமலே மண்ணில் புதைந்தது. லேசாகத் தொட்டாலே வெடிக்கும் விசை. கையை உயர்த்தும்போதே வெடித்துவிட்டது. டெர்ரி நிதானமாக நெஞ்சில் சுட்டார். துப்பாக்கிகள் டெர்ரி தரப்பு கொண்டுவந்தவை என்பதால், வேண்டுமென்றே அப்படி ஒரு துப்பாக்கியை பிராடரிக் கையில் கொடுத்தார்களோ என்ற சந்தேகப் பேச்சு பின்னால் ஓயவே இல்லை. இதையெல்லாம் சுமார் 80 பேர் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார்கள்!

அதைவிடக் கூத்து முந்தின நாள் நடந்தது. இருவரும் சுடத் தயாராக வந்து நின்றபோது போலீஸ் வந்து பிடித்துப் போனது. இன்னும் குற்றம் எதுவும் நடக்கவில்லையே என்று மாஜிஸ்திரேட் விட்டுவிட்டார். மறுநாள் காலை திரும்பவும் கூடிவிட்டார்கள்.

போவதற்கு முன்னால் காரணத்தைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள், பலகை அதைச் சொல்லாது. இருவரும் ஒரே ஜனநாயகக் கட்சிக்காரர்கள். டெர்ரி அடிமை முறையை ஆதரித்தவர், பிராடரிக் அது பரவுவதை எதிர்த்தவர். மேடையில் டெர்ரி பிராடரிக் கோஷ்டியைக் கிழித்தார். ஓட்டலில் பத்திரிகையில் அதைப் படித்த பிராடரிக், ‘அந்த நீதிமன்றத்திலேயே நேர்மையான ஒரே ஆள் இவர் என்று நினைத்திருந்தேன், அதைத் திரும்பப் பெறுகிறேன்’ என்கிற மாதிரி சொல்லிவைத்தார். கூட இருந்தவர் டெர்ரியின் நண்பர். விடுவாரா? தேர்தல் முடியட்டும் என்று காத்திருந்து டெர்ரி சவால் அனுப்பினார். பலகையில் அடிமை முறை என்ற பேச்சே கிடையாது. ஏதோ இரண்டு பெரிய மனிதர்களின் சொந்தத் தகராறு போல நிற்கிறது. அது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம், நேரம் இருந்தால் அன்றைக்கே சான் பிரான்சிஸ்கோவின் வடகரையில் இருக்கும் ஃபோர்ட் மேசனுக்கும் போய் வாருங்கள். காயம்பட்ட பிராடரிக்கைக் கொண்டுபோய்க் கிடத்திய ஹாஸ்கெல் வீடு அங்கே இன்னும் நிற்கிறது. மூன்று நாள் கழித்து, 16ஆம் தேதி, அங்கேதான் இறந்தார். வெளியிலிருந்து பார்த்தாலே போதும். டெர்ரியின் முடிவைத் தேடுகிறவர்கள் கலிபோர்னியாவின் உள்பகுதியில் உள்ள லாத்ராப் ஊர் வரை போக வேண்டும். 1889இல் அங்கே ரயில் நிலையச் சாப்பாட்டு அறையில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்டீபன் ஃபீல்டைக் கன்னத்தில் அறைந்தார் டெர்ரி. ஃபீல்டின் மெய்க்காவலர் அங்கேயே அவரைச் சுட்டுவிட்டார். நான் இன்னும் அங்கே போகவில்லை.