ஜடாயு உணவகத்தில் ஒரு மாத்திரை அட்டை

2021 டிசம்பர் கடைசி. சிங்கப்பூரின் பூமலையில், அதாவது தாவரவியல் தோட்டத்தில், பாறுகள் எனும் பிணந்தின்னிக் கழுகுகள் வந்து இறங்கியிருப்பதாக வாட்ஸ்அப்பில் படம் வந்தது. இமயமலைப் பாறுகள் ஒரு கூட்டம், கூடவே கரிய நிறத்தில் இன்னொரு பெரிய வகை ஒன்று. வேலை முடிந்து நான் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. அந்தக் கரிய பறவை பசியில் பறக்கத் தெம்பில்லாமல் கிடந்ததையும், ஜூரோங் பறவைப் பூங்காவில் தீனி கொடுத்துத் தேற்றிப் பறக்கவிட்டதையும் பிறகு செய்தியில்தான் பார்த்தேன். இளம் பறவைகள் குளிருக்குத் தெற்கே இறங்கி இங்கே வரை வந்துவிடுகின்றன. இதற்கு மேல் கடல். சூடான காற்று தூக்கிக் கொடுத்தால்தான் அவற்றால் தூரம் போக முடியும். கடல்மேல் அது கிடைக்காது. சரி, இங்கேயே தங்கலாம் என்றால் செத்த மாட்டுக்கு எங்கே போவது? நம் புளோக் கீழே ஓர் எலி செத்துக் கிடந்தாலே நகர மன்றத்துக்குப் போன் பறக்கும்.

அன்றிலிருந்து பாறுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க எனக்குத்தான் சங்கடமாகிவிட்டது. நான் மருந்தகத்தில் வேலை பார்ப்பவன். மூட்டு வலி, இடுப்பு வலி என்று வருகிறவர்களுக்கு டைக்ளோபினாக் அட்டையைக் கவரில் போட்டு, "சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடுங்க ஆன்ட்டி" என்று சொல்லிக் கொடுப்பது அன்றாட வேலை. தெற்காசியாவின் பாறுகளைக் கொன்றது அந்த மருந்துதான்.

வயதான மாட்டுக்குக் கால் வலி. பாவப்பட்டு விவசாயி ஊசி போட வைக்கிறார். மாடு சில நாளில் செத்தால் பாறுகள் வந்து தின்கின்றன. மருந்து அவற்றின் சிறுநீரகத்தை நிறுத்திவிடுகிறது. யூரிக் அமிலம் வெளியேற வழியில்லாமல் ஈரல்மேலும் இதயத்தின்மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் படிகிறது. முதலில் ஏதோ தொற்றுநோய் என்றுதான் பலர் நினைத்தார்கள். பாகிஸ்தானில் செத்த பறவைகளை அறுத்துப் பார்த்து மருந்துதான் காரணம் என்று ஆய்வாளர் லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் 2004-ல் வெளியிட்டார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. இந்தியாவில் 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகள் ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மிஞ்சின. இத்தனைக்கும் நூறு பிணங்களில் ஒன்றில்கூட மருந்து இருந்திருக்க வேண்டியதில்லை, அதற்கும் குறைவே போதும் என்று கணக்குப் போட்டார்கள். ஒரே பிணத்தில் ஒரு கூட்டமே சாப்பிடும். ஆண்டுக்கு ஒரே முட்டை. எங்கே ஈடுகட்டுவது?

போன ஆண்டு அம்மாவை நேபாளத்தில் உள்ள முக்திநாத்துக்கு அழைத்துப் போனேன். 108 திவ்ய தேசங்களில் திருச்சாளக்கிராமம் என்பது அதுதான், அவருக்குப் பல நாள் கனவு. 3,700 மீட்டர் உயரம், மூச்சு வாங்கல், குதிரை, குளிர் எல்லாவற்றையும் தாண்டித் தரிசனம் முடித்தோம். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். திரும்புகையில் சித்வான் போகிற வழியில் பித்தௌலி என்ற கிராமத்தில் வேனை நிறுத்தச் சொன்னேன். "இங்கே என்னடா இருக்கு?" என்றார் அம்மா. "ஜடாயு உணவகம்" என்றேன். சாப்பாடு கிடைக்கும் என்று உற்சாகமாக இறங்கினார்.

பாறுகளுக்கான உணவகம் அது. 2006-ல் தொடங்கியது, அதே ஆண்டில்தான் நேபாளம் கால்நடைக்கு டைக்ளோபினாக் கொடுப்பதைத் தடை செய்தது. உழைத்து ஓய்ந்த மாடுகளை வாங்கி, அவை தானாகச் சாகும்வரை தீனி போட்டு வளர்க்கிறார்கள். பசுவை வெட்டக்கூடாத நாடு, வேறு வழியில்லை. நோய் வந்தால் பாறுகளுக்குப் பாதுகாப்பான மெலாக்சிகாம் என்ற வலி மருந்து கொடுக்கிறார்கள். செத்த பிறகு உடலைத் திறந்தவெளியில் போடுகிறார்கள்.

நாங்கள் போன அன்று எந்த மாடும் சாகவில்லை. கொட்டகையில் எலும்பும் தோலுமாக நான்கைந்து கிழ மாடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. "இதுங்க எப்போ சாகும்னு காத்துக்கிட்டா இருக்கறது?" என்று அம்மா முகத்தைச் சுளித்தார். நல்ல கேள்விதான். ஆனால் தீர்த்தக் கரையிலும் தெருவிலும் அநாதையாகத் திரியும் மாடுகளைவிட இவை நிம்மதியாகத்தான் தெரிந்தன. தூரத்தில் உயரமான இலவ மரத்தில் மூன்று வெண்முதுகுப் பாறுகள். ஒன்று இறக்கையை விரித்து வெயில் காய்ந்தது.

அம்மா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறுமியாக இருந்தபோது திருக்கழுக்குன்றத்தில் மத்தியானம் அர்ச்சகர் சோறு வைக்க, இரண்டு பறவைகள் வந்து சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறாராம். அவை மஞ்சள்முகப் பாறுகள், வேறு வகை. "காசியில குளிச்சிட்டு வருதுங்கன்னு சொல்வாங்க. அப்புறம் வரவே இல்லையாமே. கலி முத்திப்போச்சுன்னு எங்க அத்தை சொல்லிட்டாங்க." நான் மறுத்துப் பேசவில்லை.

குதிரையில் போன முழங்கால் வலித்தது போலும். பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையிலிருந்து மாத்திரை எடுத்தார். எங்களைச் சுற்றிக் காட்டிய கிராமத்து இளைஞர் அட்டையைப் பார்த்தார். எழுத்தைப் படித்தார். முகம் மாறிப் பின் சிரித்துவிட்டார். "மனிதர்கள் சாப்பிடலாம் அம்மா, இங்கே சாகாமல் இருந்தால் சரி" என்று இந்தியில் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அம்மாவும் சிரித்தார், அட்டையைப் பைக்குள் அடியில் தள்ளினார்.

அந்த இளைஞர் சொன்னதில் ஒன்று மனத்தில் நிற்கிறது. கால்நடை மருந்துக் கடைகளில் இருந்த டைக்ளோபினாக்கை வாங்கிக்கொண்டு பதிலுக்கு மெலாக்சிகாம் கொடுத்ததுதான் பெரிய வேலை என்றார். காடு, வேலி, துப்பாக்கி எதுவும் இல்லை, கடைக்குக் கடை ஏறி இறங்கியதுதான். கூண்டில் வளர்ந்த பாறுகளுக்கு 2017-ல் செயற்கைக்கோள் கருவி மாட்டி வெளியே விட்டதெல்லாம் சுற்றுவட்டாரம் சுத்தமானது என்று நம்பிக்கை வந்த பிறகே. ஆனாலும் வேலை முடிந்தபாடில்லை. அசிகுளோபினாக் என்ற இன்னொரு வலி மருந்து மாட்டின் உடலுக்குள் டைக்ளோபினாக்காகவே மாறிவிடுகிறது. இந்தியா அதைக் கால்நடைக்குத் தடை செய்ததே 2023-ல்தான். பெயர் மாறி வருகிற மருந்தைக் கவனிக்க ஆள் வேண்டும்.

இந்த டிசம்பரில் விடுப்பு போட்டிருக்கிறேன். பூமலைக்குப் பைனாகுலரோடு போகப் போகிறேன். அம்மாவும் வருகிறேன் என்கிறார். முழங்காலுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "அதை வீட்டிலேயே போட்டுக்கிட்டு வந்துடறேன்" என்கிறார்.