மோட்டார் ஷெட்டில் ஸ்பைக் சிப்: பேட்டரியை எது தின்கிறது?

தென்னாப்பிரிக்காவின் டோங்காட், வெருலம் பக்கக் கரும்புத் தோட்டத்துப் பம்ப் ஷெட்டில், பேரிங் தேய்வதைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கும் சின்னப் பெட்டி ஒன்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். லோட் ஷெடிங் (மின்வெட்டு) வந்தாலும் அது பாட்டுக்கு ஓட வேண்டும். அதற்கு ஸ்பைக் சிப் ஒன்றை வடிவமைக்கிறோம்: மூளை நரம்பணுக்களைப் போல, தேவைப்படும்போது மட்டும் சிறு மின்துடிப்பை (ஸ்பைக்) அனுப்பும் செயற்கை நியூரான்களின் நெட்வொர்க் அதில் ஓடும். காசு வடிவ சிஆர்2032 பேட்டரி என்றால் 220 மில்லி ஆம்பியர் மணி, 3 வோல்ட். சராசரியாக 1 மில்லிவாட் எடுத்தால் 27 நாள். 100 மைக்ரோவாட் என்றால் ஒன்பது மாதம்.

2014-இல் ஐபிஎம் காட்டிய ட்ரூநார்த் என்ற ஸ்பைக் சிப் 10 லட்சம் நியூரான்களைச் சுமார் 70 மில்லிவாட்டில் ஓட்டியது. பிரமாதமான சாதனைதான். ஆனால் இந்தப் பேட்டரியில் அது கணக்குப்படியே 9 மணி நேரம்தான் தாங்கும். அதற்குத் தேவையான 23 மில்லி ஆம்பியரை இந்தப் பேட்டரி தொடர்ந்து தரவும் தராது. அதனால் நெட்வொர்க்கை முதலில் சிறிதாக்குங்கள்.

ஸ்பைக் வந்தால் பெருக்கல் கிடையாது, அந்த இணைப்பின் பலத்தைக் குறிக்கும் எண்ணை (வெயிட்) கூட்டினால் போதும் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் செலவு அங்கே இல்லை. 45 நானோமீட்டர் சிப் தொழில்நுட்பத்தில் 8 பிட் கூட்டலுக்கு சுமார் 0.03 பிக்கோஜூல். 8 கிலோபைட் எஸ்ராமிலிருந்து (சிப்புக்குள்ளேயே இருக்கும் மெமரி) 64 பிட் படிக்க சுமார் 10 பிக்கோஜூல். அதில் எட்டு வெயிட்டும் பயன்பட்டால்கூட ஒவ்வொன்றுக்கும் கூட்டலைப் போல 40 மடங்கு ஆகிறது. ஒன்றே ஒன்றுதான் பயன்படுகிறது என்றால் 300 மடங்கைத் தாண்டும். ஆகவே ஒரு நியூரானிலிருந்து கிளம்பும் வெயிட்டுகளை மெமரியில் ஒரே வரிசையில் அடுக்குங்கள்.

சாதாரண நெட்வொர்க்கை அப்படியே ஸ்பைக்குக்கு மாற்றுவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 8 பிட் மதிப்பை ஸ்பைக் எண்ணிக்கையாகக் காட்டினால் 255 ஸ்பைக் வரை போகும், ஒவ்வொன்றுக்கும் வெயிட்டை மறுபடி படிக்க வேண்டும். ஒரு முடிவுக்கு ஒரு நியூரான் சராசரியாக ஒன்றிரண்டு தடவைக்கு மேல் ஸ்பைக் விடுகிறது என்றால், சாதாரண 8 பிட் ஆக்ஸிலரேட்டரையே (நெட்வொர்க் கணக்குகளுக்கென்றே செய்த சிப்) வாங்குங்கள். மோட்டார் ஓடும்போது இடைவிடாமல் வரும் ரீங்காரமே ஸ்பைக்கைக் கொட்டிவிடும். சத்தம் மாறினால் மட்டும் ஸ்பைக் விடும்படி, தானே உயர்ந்து தாழும் த்ரெஷோல்ட் (ஸ்பைக் விடும் வரம்பு) அவசியம்.

மோட்டார் நின்றிருக்கும்போது பேட்டரியைக் கரைப்பது லீக்கேஜ், அதாவது சிப் சும்மா இருக்கும்போதும் கசியும் மின்சாரம். 10 லட்சம் சினாப்ஸ் (நியூரான்களுக்கு இடையிலான இணைப்பு), ஒவ்வொன்றும் 8 பிட் என்றால் 1 மெகாபைட் எஸ்ராம். 4 பிட்டாக்கினால் பாதி. துல்லியம் கொஞ்சம் குறையும், திரும்பப் பயிற்சி கொடுத்தால் பெரும்பாலும் ஈடுகட்டலாம். 10 டிகிரி கூடினால் லீக்கேஜ் ஏறக்குறைய இரட்டிக்கும். பிப்ரவரி வெயிலில் தகரக் கூரைக்கடியில் பெட்டி 60 டிகிரியைத் தொட்டால், லேபில் 25 டிகிரியில் அளந்ததைப் போல பத்து மடங்குக்கு மேல் போகும். மெமரியின் ஒரு பகுதியை (பேங்க்) அணைக்கலாம்தான், ஆனால் வெயிட்டோடு நியூரானின் மெம்ப்ரேன் மதிப்பும் (அதுவரை கூட்டிச் சேர்த்த தொகை) சேர்ந்து அழிந்துவிடும். அதை மட்டும் தனிச் சிறு மெமரியில் வையுங்கள். மெம்ரிஸ்டர் (மதிப்பை மின்தடையாகச் சேமிக்கும் பாகம்) பவர் இல்லாமலே வெயிட்டை நினைவில் வைத்திருக்கும். ஆனால் மதிப்பு நகரும், படிக்க ஏடிசி (அனலாக் அளவை டிஜிட்டல் எண்ணாக்கும் சுற்று) வேண்டும், மிச்சம் பிடித்ததை அந்த ஏடிசியே தின்றுவிடலாம்.

எல்லாப் பாகங்களையும் ஒரே தாளத்தில் ஓட்டும் கிளாக்கே இல்லாத அசிங்க்ரனஸ் டிசைன் ஆசை காட்டும். சிறிய டீமுக்கு வேண்டாம். டைமிங் சரிபார்க்கும் டூல்கள் பெரும்பாலும் கிளாக்கை நம்பி எழுதப்பட்டவை. வேலை இல்லாத பகுதிக்குக் கிளாக்கை நிறுத்தும் கிளாக் கேட்டிங் போதும்.

சென்சாரையும் கணக்கில் சேருங்கள். டிஜிட்டல் மைக் ஒன்றே சில நூறு மைக்ரோ ஆம்பியர் எடுக்கும்போது, சிப்பில் 20 மைக்ரோவாட் குறைத்து என்ன பயன்? அதற்குப் பதில் பியசோ டிஸ்க் வைத்தால், அதிர்வு பட்டதும் அது தானே வோல்டேஜ் தரும். பேரிங் ஹவுசிங்கில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு எபாக்ஸியால் ஒட்டுங்கள். ரப்பர் பசை வைத்தால், தேய்மானத்தை முதலில் காட்டும் கீச்சு அதிர்வுகள் அதிலேயே அமுங்கிவிடும்.