சிறுநீர் அவசரத்துக்கு மாத்திரை: கவுன்டரில் கேட்க வேண்டியவை

சோலிஃபெனாசின் 5 மி.கி., 0-0-1, 30 நாள். சீட்டில் இவ்வளவுதான் எழுதியிருக்கும். அட்டைகளை எடுத்து வைத்து, "ராத்திரி ஒண்ணு" என்று சொல்லி அனுப்ப அரை நிமிடம் போதும். மருந்தகக் கவுன்டரில் நிற்பவர்களுக்குத் தெரியும், இந்த மருந்தில் சிக்கல் இந்த ஒரு வரியிலிருந்து வருவது குறைவு. அதே ஆள் வேறு மூன்று டாக்டர்களிடம் வாங்கிய சீட்டுகளிலிருந்தும், சீட்டே இல்லாமல் வாங்கிய சளி மாத்திரையிலிருந்தும்தான் அதிகம் வருகிறது.

காரணம் மருந்து வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. சிறுநீர்ப்பை நிறையும் முன்பே அதன் தசை சுருங்க ஆரம்பித்தால், "இப்பவே போகணும்" என்ற அவசரம் வருகிறது. அந்தச் சுருக்கத்துக்கு ஆணை கொண்டுபோவது அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம். சோலிஃபெனாசின், டோல்டெரோடின், டாரிஃபெனாசின், ஆக்ஸிபுடினின், டிராஸ்பியம் எல்லாம் அந்த ஆணை தசைக்குப் போய்ச் சேராமல் தடுப்பவை. எச்சில் சுரக்கவும், குடல் நகரவும், வியர்வை வரவும், கண்ணின் பார்வை தூரத்துக்கும் கிட்டத்துக்கும் மாறவும், மூளையில் நினைவு நிற்கவும் அதே அசிட்டைல்கோலின்தான் தேவை. இந்த மருந்துகளில் சில சிறுநீர்ப்பையைக் கொஞ்சம் கூடுதலாகக் குறிவைப்பவை. அதை மட்டுமே தொடுவது எதுவும் கிடையாது.

முதலில், மாத்திரை தேவைப்படும் கோளாறுதானா என்பது. நம் ஊரில் சிறுநீர் சம்பந்தப்பட்ட எல்லாமே "சூடு பிடிச்சிருக்கு" என்ற ஒரே பெயரில் வரும். எரிச்சல், காய்ச்சல், கலங்கல், துர்நாற்றம் இருந்தால் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். சிறுநீர்ப் பரிசோதனை முந்த வேண்டும். ரத்தம் வந்தாலோ, காலில் திடீர் பலவீனம் சேர்ந்துகொண்டாலோ இது மருந்துக்கடையில் பேசித் தீர்க்கும் விஷயமே இல்லை. சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கு அடிக்கடி போகும். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவர்களுக்கு அந்த மாத்திரையே சர்க்கரையைச் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற்றுகிறது என்பதால் இன்னும் கூடும். சிறுநீரைப் பெருக்கும் ஃபியூரோசெமைடை மாலை ஆறு மணிக்குப் போட்டால் இரவுத் தூக்கம் கெடும். நேரத்தை மாற்றலாமா என்று எழுதிய டாக்டரிடம் கேட்டாலே போதும். பி.பி.க்கான அம்லோடிபின் சிலருக்குக் காலில் வீக்கம் தரும். பகலில் காலில் தேங்கிய நீர், படுத்தவுடன் ரத்தத்துக்குத் திரும்பி, இரவு இரண்டு மூன்று முறை எழுப்பும். இவற்றுக்கெல்லாம் மேலே சோலிஃபெனாசின் எழுதினால், ஒரு மாத்திரையின் விளைவுக்கு இன்னொரு மாத்திரை என்றாகிவிடும்.

இதன் மோசமான வடிவம் மறதி நோய்க்காரர்களிடம் வரும். டொனெபெசில் மூளையில் அசிட்டைல்கோலினைக் கூட்டுவதற்காகக் கொடுப்பது. அது சிறுநீர்ப்பையையும் தூண்டி, சிலருக்கு ஆடை நனையும் அளவுக்கு அவசரத்தை உண்டாக்கும். அதற்கு ஆக்ஸிபுடினின் எழுதப்பட்டால், ஒன்று கூட்டுவதை மற்றொன்று தடுக்கிறது. இரண்டு சீட்டும் இரண்டு இடத்தில் எழுதப்பட்டவை. ஒன்றாகப் பார்க்கும் வாய்ப்பு பல வீடுகளில் கவுன்டரில் மட்டுமே கிடைக்கிறது. கவுன்டரில் நிற்பவர் மருந்தை நிறுத்தச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. இரண்டு பெயரையும் ஒரே தாளில் எழுதி, "இதை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று கொடுக்கலாம்.

பையில் வேறு என்னென்ன இருக்கலாம்? சளிக்கு வாங்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் குளோர்ஃபெனிரமின் இருக்கும். அதுவும் அசிட்டைல்கோலினைத் தடுக்கும். உடன் இருக்கும் ஃபினைல்எஃப்ரின் சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கும். புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண் சோலிஃபெனாசினுடன் இதைச் சாப்பிட்டால் சிறுநீர் அடியோடு நின்றுபோகலாம். அரிப்புக்கு ஹைட்ராக்சிசின், வயிற்று வலிக்கு டைசைக்ளோமின், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் அமிட்ரிப்டிலின், சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்குப் பிரிகாபலினுடன் சேர்த்துத் தரும் நார்ட்ரிப்டிலின், மனநல மருந்துகளோடு வரும் டிரைஹெக்சிஃபெனிடில் எல்லாமே ஒரே கூட்டம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சிறிய அளவுதான். மூன்று சேர்ந்தால் எண்பது வயதுக்காரருக்கு ராத்திரியில் இருக்கும் இடம் தெரியாமல் போகிறது, "அப்பா ஒரு மாதிரி பேசறார்" என்று வீட்டார் வந்து நிற்கிறார்கள். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டால் "பி.பி., சுகர்" என்று மட்டும்தான் பதில் வரும். "தூக்கத்துக்கு? சளிக்கு? அரிப்புக்கு? வயித்து வலிக்கு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் மீதி வெளியே வரும்.

படர்தாமரைக்கு இப்போது இட்ராகோனசோல் வாரக்கணக்கில் எழுதப்படுகிறது. தோல் டாக்டருக்குச் சிறுநீர் மாத்திரை பற்றித் தெரிய வழியில்லை, நோயாளியும் சொல்வதில்லை. இட்ராகோனசோலும், தொற்றுக்குத் தரும் கிளாரித்ரோமைசினும் சோலிஃபெனாசினைக் கல்லீரல் சிதைக்கும் வழியை அடைக்கின்றன. அப்போது ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். அந்த நாட்களில் 5 மி.கி.க்கு மேல் போகக் கூடாது, 10 மி.கி. எடுப்பவராக இருந்தால் டாக்டரிடம் பேசி அளவைக் குறைத்தாக வேண்டும்.

சிறுநீரகத்துக்கும் இதே எல்லை உண்டு. வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 30 மி.லி.க்குக் கீழே போனால் சோலிஃபெனாசின் 5 மி.கி.யோடு நிற்க வேண்டும், இதே கோளாறுக்கு எழுதும் இன்னொரு மருந்தான மிராபெக்ரான் 25 மி.கி.யோடு. இங்கே, சிறுநீரக வேலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் எண் ஏமாற்றும். 80 வயது, 45 கிலோ எடையுள்ள ஒரு பாட்டியின் கிரியாட்டினின் 1.2 என்றால் அறிக்கையைப் பார்ப்பவர் பதற மாட்டார். வயது, எடை, பெண் என்பதையெல்லாம் சேர்த்துக் காக்ராஃப்ட்-கால்ட் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 27 வருகிறது. 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கி வந்த எண்ணால் வகுத்து, பெண்ணானால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். செல்போன் கால்குலேட்டரில் ஒரு நிமிட வேலை. வயதானவர்களுக்கு இதைப் போடாமல் 10 மி.கி. அட்டையை எடுத்து வைப்பது நல்ல பழக்கமில்லை.

பெயர்க் குழப்பமும் உண்டு. சோலிஃபெனாசின், சிலோடோசின். இரண்டும் சிறுநீரக டாக்டர் எழுதுவது, இரண்டும் ராத்திரி மாத்திரையாகவே பெரும்பாலும் வரும், அவசரக் கையெழுத்தில் தொடக்கமும் முடிவும் ஒன்று போலவே தெரியும். முதலாவது சுருங்கும் பையை அமைதிப்படுத்தும். இரண்டாவது புராஸ்டேட் அழுத்தும் வழியைத் தளர்த்தும். அளவைப் பார்த்தால் பிரித்துவிடலாம்: 5, 10 என்றால் சோலிஃபெனாசின், 4, 8 என்றால் சிலோடோசின். அளவு எழுதாத சீட்டானால் போன் போட்டுக் கேட்பதைத் தவிர வழியில்லை.

மிராபெக்ரான் வேறு குடும்பம். அது அசிட்டைல்கோலினைத் தொடாது. பீட்டா-3 ஏற்பியைத் தூண்டி, நிறையும் நேரத்தில் பையைத் தளர்த்துகிறது. அதனால் வாய் வறட்சியும் மலச்சிக்கலும் குறைவு. வயதானவர்களுக்கு இதை முதலில் எழுதும் டாக்டர்கள் கூடிவருவது சரியென்றே எங்களுக்குப் படுகிறது, விலை கட்டுப்படியானால். ஆனால் இது ரத்த அழுத்தத்தை ஏற்றலாம். 180/110-ஐத் தொட்டோ தாண்டியோ நிற்பவருக்கு இதைத் தொடங்கக் கூடாது. தொடங்கும் முன் ஒரு முறை, பிறகு அவ்வப்போது பி.பி. பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுபவருக்கு அந்த டிகாக்சின் அளவு ரத்தத்தில் ஏறும். பி.பி.க்கும் இதயத்துக்கும் தரும் மெட்டோப்ரோலால் சாப்பிடுபவருக்கு அதுவும் ஏறலாம். நாடித்துடிப்பு குறைந்து தலை சுற்றினால் இந்த ஜோடியை நினைக்க வேண்டும்.

மிராபெக்ரான் மாத்திரை மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டது. டோல்டெரோடின் நீண்ட நேர வகையும் அப்படியே. விலை மிச்சமாகட்டும் என்று 50 மி.கி.யை இரண்டாக உடைத்து 25 ஆக்குவது, விழுங்க முடியாத பாட்டிக்குப் பொடித்துக் கஞ்சியில் கலப்பது, இரண்டும் வீடுகளில் நடக்கின்றன. உடைத்தால் நாள் முழுக்க வர வேண்டியது சில மணி நேரத்தில் வந்துவிடும். பெயருக்குப் பின்னால் ஈ.ஆர்., எஸ்.ஆர்., எக்ஸ்.எல். என்று எழுத்து இருந்தால் உடைக்கவே கூடாது. எழுத்து இல்லாவிட்டாலும் கேட்டுவிட்டு உடைப்பது மேல். டிராஸ்பியத்துக்கு மட்டும் வயிறு காலியாக இருக்க வேண்டும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால். சோற்றோடு போட்டால் பெரும்பகுதி உடம்பில் சேராது. மற்றவற்றுக்குப் பெரியவர்களிடம் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

பத்து மாத்திரை அட்டையில் நாலைக் கத்தரித்துக் கொடுக்கும் வழக்கத்தால், மருந்தின் பெயரும் காலாவதி மாதமும் கடையிலேயே தங்கிவிடுகின்றன. வீட்டில் பெயரில்லாத வெள்ளித் துண்டுகள் நாலைந்து சேரும். முழு அட்டையாக வாங்குவது நல்லது. முடியாவிட்டால் பெயர் அச்சான பக்கத்தைக் கேட்டு வாங்கலாம், அல்லது கவரில் எழுதித் தரச் சொல்லலாம்.

"நாளைக்குக் கல்யாணத்துக்குப் போகணும், பஸ்ல அஞ்சு மணி நேரம், இன்னிக்கு ராத்திரி ஒண்ணு போட்டுக்கறேன்" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. சோலிஃபெனாசின் அப்படி வேலை செய்யாது. உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறைய 45 முதல் 68 மணி நேரம் ஆகும். தினமும் சாப்பிட்டு ஒரு சீரான அளவு சேரவே பத்து நாள் ஆகும். பலன் முழுதாகத் தெரிய நான்கிலிருந்து எட்டு வாரம். ஒரு வாரத்தில் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துபவர்கள் ஏராளம். வாய் வறட்சி முதல் வாரமே வந்துவிடும், முழு நன்மை வர வாரக்கணக்கில் ஆகும் என்பதை முதல் நாளே சொல்லாவிட்டால் வேறென்ன செய்வார்கள்? நிறுத்தினாலும் பக்கவிளைவு உடனே விலகாது, சில நாள் இழுக்கும். ஒரு நாள் மறந்தால் மறுநாள் வழக்கம்போல் ஒன்று. சேர்த்து இரண்டு கிடையாது.

வாய் வறட்சிதான் பெரிய பொறி. நாக்கு காயும்போது தண்ணீர் குடிக்கத் தோன்றும். சொம்பு சொம்பாகக் குடித்தால் சிறுநீர் கூடும். மாத்திரை பலிக்கவில்லை என்று முடிவு கட்டி, அளவைக் கூட்டச் சொல்லி டாக்டரிடம் போவார்கள். 10 மி.கி. ஆனதும் வறட்சி இன்னும் கூடும். வறட்சிக்கு வழி: ஒரு மடக்கு தண்ணீர் எடுத்து வாயில் வைத்திருந்து விழுங்குவது, சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்வது, கூடவே காபி, டீயைக் குறைப்பது. இதய, சிறுநீரகக் கட்டுப்பாடு இல்லாதவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் போதும். நேர் எதிராக, பயந்துபோய்த் தண்ணீரையே விட்டுவிடுபவர்களும் உண்டு. அவர்களுக்கு மலம் கட்டும். இறுகிய மலம் பையை அழுத்தி அவசரத்தைத் திரும்பக் கொண்டுவரும். அதற்கு இசப்கோல் வாங்கிக் குறைந்த தண்ணீரில் குடித்தால் அடைப்பே வரலாம். ஒரு முழு டம்ளர், அதன் மேல் இன்னொன்று. அதற்கு மனமில்லை என்றால் இசப்கோல் வேண்டாம், வேறு மருந்து கேட்கலாம்.

கத்திரி வெயிலில் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: வெளியில் நின்று வேலை செய்பவரா? வியர்வை குறைந்தால் உடம்பு தன்னைக் குளிர்விக்க முடியாது. தோல் காய்ந்து சூடாகி, தலை கிறுகிறுத்து, பேச்சு குழறினால் நிழலில் கிடத்தி ஈரத்துணி போட்டு உடனே மருத்துவமனை.

வயிற்று ஸ்கேன் எடுத்திருந்தால் அறிக்கையில் சிறுநீர் கழித்த பின் பையில் மிச்சம் எவ்வளவு என்று ஓர் எண் இருக்கும். 150, 200 மி.லி.யைத் தாண்டியிருந்தால், அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்தைத் தொடங்கும் முன் டாக்டர் அதைப் பார்த்தாரா என்று கேட்டுவிட வேண்டும். மருந்து தொடங்கிய பின் ஓட்டம் மெலிந்தால், முக்க வேண்டி வந்தால், போய்விட்டு வந்த பின்னும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றினால் அன்றே பேச வேண்டும். அடிவயிறு கனத்து வலிக்க, சொட்டுக்கூட வரவில்லை என்றால் அது அவசர சிகிச்சை. அடுத்த மாத்திரையைப் போடாமல் கிளம்ப வேண்டும். கண் சிவந்து கடுமையாக வலித்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தாலும் அப்படியே. குறுகிய கோணக் கிளாக்கோமா கட்டுப்படாமல் இருப்பவருக்கு இந்த வகை கூடாது. "கண்ணுல பிரஷர் இருக்கு" என்று மட்டும் சொல்பவரிடம் எந்த வகை என்று கண் டாக்டரின் சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். உதடோ முகமோ தொண்டையோ வீங்கினால் எந்தக் கேள்வியும் இல்லாமல் மருத்துவமனை.

நான்காவது வாரம் டாக்டரைப் பார்க்கப் போகும்போது "பரவால்ல" என்று மட்டும் சொன்னால் அவருக்கு எதுவும் தெரியாது. மூன்று நாள் குறிப்பு எழுதிக்கொண்டு போகலாம்: எழுந்தது முதல் எத்தனை மணிக்குப் போனது, அளவுக் கோப்பையில் எத்தனை மி.லி., அடக்க முடியாமல் நனைந்தது எத்தனை முறை, ராத்திரி எத்தனை, குடித்தது எவ்வளவு. மருந்து தொடங்கும் முன் ஒரு மூன்று நாள் எழுதி வைத்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அதோடு பி.பி. எண்கள், மலம் போன நாட்கள், வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளும் போட்ட பை. அளவைக் கூட்டுவதா, வேறு குடும்பத்துக்கு மாற்றுவதா, இரண்டையும் சேர்ப்பதா என்பது அந்தத் தாளை வைத்து முடிவாகும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று தொடங்கிப் பதினைந்து பதினைந்து நிமிடமாக இடைவெளியை நீட்டும் பயிற்சியை மாத்திரையோடு சேர்த்துச் செய்தவர்களுக்கு, சில மாதங்களுக்குப் பின் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்கவும் அதே தாள் உதவும்.