மாடு காணாமல் போன ராத்திரியும் வேடியப்பன் கல்லும்

பதினாறு வருடம் ஓசூரில் வேலை பார்த்தேன். வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி பிரிவு, மூன்று ஷிஃப்ட். கையில் கேஜ், எதிரில் இரும்புத் துண்டுகள், அளந்து அளந்து நல்லது ஒரு பெட்டி, தேறாதது ஒரு பெட்டி. 2022 மே மாதம் கேன்டீன் டிவியில் ஒரு செய்தி ஓடியது. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்திருந்தார். தட்டில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தேன். தினமும் இரும்பைத் தொடுகிறவள் நான், 4200 வருடத்துக்கு முன்னாலேயே நம்ம பக்கத்து ஆட்கள் இரும்பைப் புழங்கியிருக்கிறார்கள் என்பது எனக்கு 38 வயதில்தான் தெரிகிறது.

அப்புறம் இரண்டு வருடம் பணம் சேர்த்துக்கொண்டு வேலையை விட்டேன். இப்போது 41 வயது, தருமபுரியில் முதுகலை வரலாறு படிக்கிறேன். வீட்டுக்காரர் இன்னும் ஓசூரில்தான், சனிக்கிழமை ராத்திரி வருவார். நான் காரிமங்கலம் பக்கத்தில் அத்தையோடு ஊரில் இருக்கிறேன். பி.எஃப். பணத்தில் ஒரு கறவை மாடு வாங்கினோம். நாலரைக்கு எழுந்து சாணி அள்ளி, பால் கறந்து, ஆறு மணிக்குள் சொசைட்டியில் ஊற்றிவிட்டு, களி கிண்டி வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். 2021லிருந்து அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை. சம்பளம் நின்ற வீட்டில் அது எவ்வளவு பெரிய உதவி என்று இந்தப் பஸ்ஸில் தினமும் போகிறவர்களுக்குத் தெரியும்.

படிக்க நேரம் எங்கே என்று கேட்கிறார்கள். மாசி, பங்குனியில் எங்கள் தெருவில் எல்லா வாசலிலும் புளி உடைக்கிற வேலை நடக்கும். ஓடு நீக்கி, நார் உருவி, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோ கணக்கில் கூலி. நோட்டை மணைமேல் சாய்த்து வைத்துக்கொண்டு, கை புளியில் இருக்க, பழைய கல்வெட்டுகளில் வருகிற வட்டெழுத்து என்ற தமிழ் எழுத்து வடிவத்தை அப்படித்தான் மனதில் ஏற்றினேன். எந்த எழுத்து எதிலிருந்து வளைந்தது என்று கொட்டைகளை வைத்தே திண்ணையில் எழுதிப் பார்ப்பேன். அத்தை கலைக்காமல் சுற்றிப் போவார்.

இதை எழுத உட்கார்ந்ததே அந்த ராத்திரிக்காகத்தான். போன ஐப்பசியில் ஒருநாள் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. பத்து மணி, நல்ல இருட்டு, மழைத் தூறல். நான் கூப்பிடக்கூட இல்லை, தெருவே எழுந்து வந்துவிட்டது. செல்போன் வெளிச்சத்தில் ஓடைக்கரை, மாந்தோப்பு எல்லாம் தேடி, கடைசியில் ஒருவருடைய ராகிக் கொல்லையில் அது நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்ததைக் கண்டுபிடித்தபோது மணி பன்னிரண்டரை. கொல்லைக்காரர் பயிர் போனதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மாடு கிடைச்சுதே, அது போதும்மா" என்றார்.

மறுநாள் வகுப்பில் நடுகல் பாடம், சண்டையில் செத்த வீரனுக்கு நடுகிற நினைவுக்கல். பல்லவர் காலத்து நடுகற்கள் நம்ம பக்கத்திலும் செங்கம் பக்கத்திலும் நிறைய. அரசன் பெயர், அவன் ஆட்சியாண்டு, எந்த ஊர்த் தொறுவைக் கவர்ந்தார்கள், மீட்கப் போய் யார் பட்டான் என்று எழுத்து வரிசையாகச் சொல்லும். தொறு என்றால் மாட்டுமந்தை, பட்டான் என்றால் செத்தான். கல்லைத் தேடிப் பார்ப்பதில் தொடங்கி வாழ்த்துவது வரை தொல்காப்பியம் ஆறு படி சொல்கிறது, காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று. பேராசிரியர் "தொறுக்கொண்ட ஞான்று பட்டான் கல்", அதாவது மந்தையைக் கவர்ந்த அன்று செத்தவன் கல், என்று படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தின ராத்திரி சேறு இன்னும் செருப்பில் காயவில்லை. ஒரு மாட்டுக்காகத் தெருவே எழுந்து வருவது எப்படி என்று நான் பார்த்திருந்தேன். மந்தையே போனால்?

நம்ம பக்கத்தில் இந்த நடுகற்களைத்தான் பல ஊர்களில் வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். எங்கள் கொல்லை ஓரத்திலும் ஒரு வேடியப்பன் உண்டு, இடுப்பு உயரக் கல், வில் பிடித்த ஆள். 18 வருடமாகக் கும்பிட்டும், தலைக்குமேல் எழுத்து இருக்கிறதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கி நேராக அங்கேதான் போனேன். எண்ணெயும் மஞ்சளும் கெட்டியாக ஏறிக் கிடந்தது. விரலால் தடவினால் உள்ளே ஏதோ வரி ஓடுகிறது. இரண்டு எழுத்து 'ப' மாதிரி, 'ட' மாதிரி. உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கல்மேல் காகிதம் ஒட்டி மை தடவி எழுத்தைப் படியெடுக்கிற மைப்படி எடுத்தால் தெரிந்துவிடும், அதற்குக் கல்லைச் சுத்தம் செய்ய வேண்டும். பங்காளிகள் நான்கு வீடும் சம்மதிக்கணும். மூன்று வீடு சரி என்றுவிட்டது. பெரிய வீட்டில் மாட்டுப் பொங்கல் பூசை முடியட்டும் என்றார்கள், அதுவும் நியாயம்தான். அத்தைதான் இப்போது என்னைவிட அவசரப்படுகிறார். "வெளியாள் கை படவேணாம்மா, நாமளே கழுவலாம்" என்று சொல்லி, எண்ணெய்ப் பிசுக்கு போக அரப்புத்தூள் ஒரு படி அரைத்து டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறார்.