அம்மாபேட்டை வீட்டில் போட்ட ரஷ்ய கீபோர்டு

"அண்ணா, இங்கிலீஷ் அடிக்கிற மாதிரியே ரஷ்யனும் அடிக்க முடியுமா?" அந்தப் பெண் கேட்டதும் முடியும் என்று சொல்லிவிட்டேன். மருத்துவம் படிக்க ரஷ்யா கிளம்ப அவளுக்கு மூன்று மாதம் இருந்தது.

விண்டோஸ் 10. செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் போய் ரஷ்யனைச் சேர்த்தேன். ஆப்ஷன்ஸில், ஒலிக்கு ஒத்த ஆங்கில விசையிலேயே ரஷ்ய எழுத்து வரும் 'ரஷ்யன் நிமோனிக்' கீபோர்டை ஏற்றிவிட்டு, தானாக வந்திருந்த சாதா ரஷ்யன் கீபோர்டை எடுத்துவிட்டேன். அப்படி எடுத்ததுதான் உறுத்துகிறது.

ரஷ்யாவில் எல்லோரும் அடிப்பது அந்தச் சாதா கீபோர்டில்தான். ஏ விசையில் 'ஃப்' ஒலி, எஃப் விசையில் 'அ'. எழுத்து 33, ஆங்கில எழுத்து விசைகளோ 26. அதனால் சதுர அடைப்புக்குறி, அரைப்புள்ளி, காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளெல்லாம் எழுத்தாகிவிடும். முற்றுப்புள்ளி வேண்டுமானால் சாய்கோட்டு விசை. காற்புள்ளிக்கு அதோடு ஷிஃப்ட். நிமோனிக்கில் இந்தக் குழப்பம் இல்லை. 'க' ஒலிக்கு கே, 'ம' ஒலிக்கு எம், 'ஷ' போன்ற சில ஒலிகளுக்கு மட்டும் எஸ், எச் என்பதுபோல இரண்டு தட்டு.

எழுத்தே புதிது, விசையும் புதிதானால் பிள்ளை சலித்துப்போவாள் என்று நினைத்தேன். அது தப்பான நினைப்பில்லை. ஆனால் தமிழில் அடிக்கப் பழக வருகிறவர்களிடம் நான் பேசுவது வேறு. தமிழுக்கென்றே அமைந்த தமிழ்99 விசை வரிசையைப் பழகுங்கள், 'அம்மா'வுக்கு நாலே தட்டு, ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்தால் ஐந்து, பத்து நாள் பல்லைக் கடித்தால் போதும் என்று வாதாடுவேன். அவளுக்கு அந்தப் பத்து நாளை நான் ஏன் கேட்கவில்லை? மூன்று மாதம் இருந்ததே. அங்கே ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் ரஷ்யனில்தான் பேச வேண்டும். குறிப்பு எழுத உட்காரும் கம்ப்யூட்டரில் நிமோனிக் இருக்காது, ஏற்றிக்கொள்ள அனுமதி கிடைக்குமா என்பதும் சந்தேகம். அவள் போனில் ரஷ்யன் போட்டாலும் வரப்போவது அந்தச் சாதா வரிசைதான்.

பாஸ்வேர்டு விஷயத்தில் கவனமாகத்தான் இருந்தேன். பட்டியலில் ஆங்கிலத்தையே மேலே வைத்தேன். ரஷ்யன் மேலே வந்துவிட்டால் உள்ளே நுழையும் திரையிலேயே ரஷ்ய எழுத்து விழும். புள்ளிகள் மட்டுமே தெரிவதால் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று பதறுவார்கள். திரையின் கீழ் ஓரத்தில் மொழிக்குறியைப் பார்க்கவும், விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் தட்டி மாற்றவும் அவள் அம்மாவுக்கும் காட்டினேன்.

இரண்டு கீபோர்டையும் விட்டுவிட்டு வந்திருக்கலாம். விட்டிருந்தாலும் சுலபமானதைத்தான் தொட்டிருப்பாள். சாதாவை மட்டும் வைத்து, விசைகளில் ரஷ்ய எழுத்து ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். ஸ்டிக்கர் அன்று பையிலேயே இருந்தது.